குன்னூரில் 4 அடி ரீஃப் தொட்டி: பவுடர் ப்ளூ டேங் வைக்கலாமா?

#1 | தேயிலை_மேடு
எல்லாருக்கும் வணக்கம். ஊர் குன்னூர், வீடு தரைத்தளம். பவளம் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி, 120 × 60 × 60 செ.மீ., 12 மி.மீ. கண்ணாடி, கீழே 100 லிட்டர் சம்ப் (வடிகட்டுத் தொட்டி). தண்ணீர் மொத்தம் சுமார் 480 லிட்டர். கல் எல்லாம் செராமிக். எட்டு மாசம் ஓடியிருக்கு. மீன்ல க்ளவுன் ஜோடி, ஒரு ராயல் கிராமா; பவளத்துல லெதர், மஷ்ரூம். அடர்த்தி 1.025, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08. நுரையா கழிவைப் பிரிக்கிற ஸ்கிம்மர் உண்டு. 300 வாட் ஹீட்டர் ஒண்ணு.

கோயம்புத்தூர்ல 7 செ.மீ. பவுடர் ப்ளூ டேங் கிடைக்குது (டேங்னா சர்ஜன் மீன்). கீழே சமவெளியில எல்லாரும் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லருக்குச் செலவழிக்கிறாங்க, நமக்கு அது தேவையே இல்லை. அப்போ சர்ஜன் மீனுக்கு மலை நல்ல இடம்தானே? ஹீட்டரை மட்டும் பெரிசாக்கினா போதுமா?

#2 | தொட்டபெட்டா2637
தம்பி, மலையில டேங் வைக்கிற எல்லாரும் ஹீட்டரைப் பத்தித்தான் முதல்ல கேக்குறாங்க. நீங்க கேக்க வேண்டியது ஆக்சிஜனைப் பத்தி.

கடல்மட்டத்தில் 25 டிகிரி வெப்பமுள்ள உப்புநீர் லிட்டருக்குச் சுமார் 6.75 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். குன்னூர் 1,850 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான். அதே நீர் இங்கே சுமார் 5.4 மி.கி. தான் பிடிக்கும். ஊட்டியில் (2,240 மீட்டர்) 5.1. இது உச்சவரம்பு. எத்தனை ஏர்ஸ்டோன் போட்டாலும் காற்றை வைத்து இதுக்கு மேல ஏத்த முடியாது. வரம்புக்குக் கீழே இறங்காம பாத்துக்கலாம், அவ்வளவுதான்.

சர்ஜன் மீன் நாள் முழுக்க நீந்துற மீன். அலை மோதி நுரைக்கிற ரீஃப் விளிம்பில் வாழ்றது. அதிலும் பவுடர் ப்ளூ ஆழமில்லாத, அலை அடிக்கிற பகுதியின் மீன். க்ளவுனுக்குப் போதுமான ஆக்சிஜன் இதுக்குப் போதாது. கடலோரத்துல ஒரு தொட்டி விடியற்காலை 6.75-லிருந்து 5.5-க்கு இறங்கினா மீன் தாங்கும். உங்க தொட்டி அதே அளவு இறங்கினா 4.1-க்கு வந்துடும்.

பவுடர் ப்ளூ 4 அடித் தொட்டிக்கு எந்த ஊர்லயும் வேண்டாம். 20 செ.மீ.க்கு மேல வளரும், 6 அடி நீளம் குறைஞ்சபட்சம். குன்னூர்ல ரெண்டு மடங்கு வேண்டாம்.

#3 | தேயிலை_மேடு
அண்ணா, இப்படி யாரும் சொன்னதே இல்லை. ஆனா நண்பர்கிட்ட ஆக்சிஜன் மீட்டர் வாங்கிப் பாத்தப்ப 97% காட்டுச்சே?

#4 | தொட்டபெட்டா2637
அந்த மீட்டரை எங்க வச்சு காலிபிரேட் பண்ணீங்க? உங்க வீட்டுக் காற்றில்தானே. அப்போ 97% என்பது குன்னூரின் நூறில் 97, அதாவது 5.2 மி.கி. சதவீதத்தை விட்டுட்டு மி.கி./லி. அளவைப் பாருங்க. மீட்டரில் காற்றழுத்தமும் உப்பளவும் பதியற இடம் இருக்கும். அதைப் பதியாம விட்டா அந்த மி.கி. எண்ணும் பொய் சொல்லும். அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை, விளக்கு எரியறதுக்கு முன்னாடி. மாலையில் அளந்தா பாசி விட்ட ஆக்சிஜன் உங்களை ஏமாத்தும்.

#5 | கொடை_உப்புநீர்
கொடைக்கானலிலும் (2,133 மீ.) இதே கணக்குதான், சுமார் 5.2. இதை வைத்துத்தான் மற்ற முடிவுகள் எல்லாம். நான் பரிந்துரைப்பது:

வெப்பநிலை 24.5 முதல் 25. இணையத்தில் 27 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏற்றாதீர்கள். 28 டிகிரியில் ஊட்டி நீர் 4.8, 4.9 மி.கி.யோடு நின்றுவிடும். மீனின் தேவையோ சூட்டோடு ஏறும். வரவு குறையும், செலவு கூடும்.

சம்பிலிருந்து நீரைத் திரும்ப ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு நேர் கீழே, மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்கக்கூடாது, சுருங்கி உடைந்துகொண்டே இருக்க வேண்டும். வேவ் பம்ப் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். மொத்த நீரோட்டம் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 25, 30 மடங்கு. லெதரும் மஷ்ரூமும் நேரடி வீச்சைத் தாங்காது, அவற்றைக் கீழே ஓரமாக நகர்த்துங்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்றால் வாயுப் பரிமாற்றம் அடைபடும். அதனால் மேல்நீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பற்களை வாரம் ஒருமுறை தேயுங்கள்.

சம்பில் ஒரு அறையில் கீட்டோ பாசி போட்டு விளக்கை இரவு 9 முதல் காலை 7 வரை எரிய விடுங்கள். மேலே இருட்டில் எல்லாம் ஆக்சிஜனைச் செலவழிக்கும் நேரத்தில் கீழே கொஞ்சம் உற்பத்தி நடக்கும். அறுத்தெடுக்கும் பாசி டேங்குக்கு உணவும் ஆகும்.

மீன்கள் குறைவாக. உங்கள் மூன்றும் ஒரு டேங்கும். அதோடு நிறுத்துங்கள்.

#6 | கோத்தகிரி_அலை
டேங் வேண்டாம்னு சொல்றவங்களோட நான் சேரலை, பவுடர் ப்ளூ வேண்டாம்னு சொல்றவங்களோட சேர்றேன். 4 அடிக்கு டீனோகீட்டஸ் வகை இருக்கே. டோமினி டேங் 15, 16 செ.மீ. தான் வளரும். கோலே டேங் 18-க்குள்ள. வாய்ல சீப்பு மாதிரி மெல்லிய பற்கள். இலை மாதிரி பாசியைக் கிழிக்காது, கல்மேல படியிற பழுப்புப் படலத்தையும் தூசியையும் சுரண்டித் தின்னும். உங்க தொட்டிக்கு எட்டு மாசம்ங்கறது நல்ல வயசு. மூணு மாசத் தொட்டியில விட்டா சுரண்ட ஒண்ணும் இருக்காது, வயிறு ஒட்டிப்போகும்.

மஞ்சள் டேங் அழகுதான். 2015-லேயே ஹவாயில் பண்ணையில பொரிக்க வச்சுட்டாங்க, பண்ணை மீன் கிடைச்சா பெல்லட்டும் சுலபமா தின்னும். ஆனா 20 செ.மீ. வரை போகும், 5 அடிக்குக் கீழே வாழ்நாள் முழுக்க வைக்க முடியாது. ரீகல் ப்ளூ 30 செ.மீ. வளர்ற மீன். கடையில ரூபாய் நாணயம் அளவுல பாத்து வாங்குறாங்க, அதுதான் வேதனை.

ஒரு எச்சரிக்கை. "மன்னார் வளைகுடா லைவ் ராக்" (கடல்லேருந்து உயிரோட எடுத்த கல்) அப்படின்னு யாராவது கொடுத்தா தொடவே தொடாதீங்க. கல் பவளம், விசிறிப் பவளம் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல், 2001-லிருந்து. செத்த துண்டும் அதுலயே அடங்கும். செராமிக் கல் போட்டது சரியான முடிவு. லெதர், மஷ்ரூம் வாங்குறப்பவும் பில் கேளுங்க.

#7 | தேயிலை_மேடு
அக்கா, அப்போ டோமினி. முடிவு பண்ணிட்டேன். இப்ப சூடு விஷயம். டிசம்பர், ஜனவரில என் ஹால் ராத்திரி 14-க்கு இறங்கும். 300 வாட் போதுமா?

#8 | மின்சாரம்_சேரம்பாடி
கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர் 25, அறை 14. வித்தியாசம் 11 டிகிரி. நான்கு பக்கக் கண்ணாடி 2.16 சதுர மீட்டர். அது வழியாகவே ஏறக்குறைய 130 வாட் போகும். அடிப்பாகமும் சம்பும் சேர்ந்து இன்னொரு 100 என்று வையுங்கள். மிச்சம் ஆவியாதல். ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியானால் இடைவிடாமல் 28 வாட் வெளியே போகிறது என்று அர்த்தம். குளிர் அறையில் சூடான நீர் வேகமாக ஆவியாகும். 6 லிட்டர் டாப்-அப் ஊற்றுகிறீர்கள் என்றால் 170 வாட். மொத்தம் 400. பம்புகள் 60, 70 வாட் சூடு தரும். மீதி 330-க்கு உங்கள் 300 எட்டாது. இரவு முழுக்க எரிந்துகொண்டே 25-க்குக் கீழே நழுவும்.

ஆகவே 300 வாட் இரண்டு. ஒரே 600 வேண்டாம். பெரிய ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தொட்டி வெந்துவிடும், செத்துப்போனால் உறைந்துவிடும். இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டால் 300 வாட்டால் தொட்டியை வேகவைக்க முடியாது, ஒன்று செத்தால் மற்றது மெதுவாகவாவது தாங்கும். இரண்டையும் சம்பில், நீரோட்டம் இருக்கும் அறையில், படுக்கை வசமாக. நீர்மட்டம் குறைந்தாலும் கண்ணாடி வெளியே தெரியாத ஆழத்தில். ஹீட்டர்களின் சொந்தத் திருகை 26-இல் வைத்துவிட்டு வெளி கன்ட்ரோலரை 24.8-இல் வைத்தால் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு. எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கட்டாயம். உப்புநீர் கையோடு விளையாடாது.

அதைவிட முதலில் செய்ய வேண்டியது தெர்மாகோல். பின்பக்கமும் இரு ஓரங்களும் 25 மி.மீ. தெர்மாகோல் ஒட்டினால் அதுமட்டுமே சுமார் 70 வாட் மிச்சம். இரவும் பகலும் அதே இழப்பு இருந்தால் மாதம் 50 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத்தான் கணக்கெடுக்கும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி எகிறும். அதையும் நினைவில் வையுங்கள்.

#9 | தேயிலை_மேடு
மேல கண்ணாடி மூடி போட்டா ஆவியாறதே நிக்குமே?

#10 | கொடை_உப்புநீர்
ஆக்சிஜனும் நிற்கும். கண்ணாடி மூடி வேண்டாம். டேங் மிரண்டால் குதிக்கும், அதற்கு 6 மி.மீ. கண்ணி வலைச் சட்டம் போடுங்கள். ஆவியாதலைச் சூட்டின் விலையாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அறைச் சுவரில் ஈரம் பூத்துப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மதியம் ஒரு மணிநேரம் ஜன்னல் திறங்கள்.

ஜன்னல் விஷயம் பி.எச்.சுக்கும் தேவை. குளிர்காலத்தில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஐந்து பேர் உள்ளே இருந்தால் கரியமில வாயு ஏறும், பி.எச். 7.8-க்கு வரும். கரிக்கணப்பு மூட்டும் அறையில் தொட்டி இருக்கவே கூடாது. புகை மீனுக்கு மட்டுமல்ல, ஆட்களுக்கும் எமன். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை 6 மி.மீ. டியூபால் ஜன்னல் வழியே வெளியே விட்டுவிடுங்கள். வெளி முனையில் ஸ்பாஞ்சு வைத்து, மழை படாமல் கீழ்நோக்கி வளைத்து. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளில் மட்டும் அந்தக் குழாயை எடுத்து உள்ளே போடுங்கள். இதை மறந்தால் முதலில் போவது இறால்.

#11 | மின்சாரம்_சேரம்பாடி
கரன்ட் போனால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நம்மூரில் மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் எட்டு மணிநேரம் சாதாரணம். உங்கள் 480 லிட்டரை 1 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். 150 ஆம்பியர்-மணி இன்வெர்டர் பேட்டரியில் உருப்படியாக எடுக்கக்கூடியது 0.9 யூனிட். அதை ஹீட்டருக்குக் கொடுத்தால் ஒன்றரை டிகிரியோடு தீர்ந்தது. ஹீட்டரை இன்வெர்டர் வரிசையில் சேர்க்காதீர்கள். 10 வாட் வேவ் பம்ப், 25 வாட் டிசி ரிட்டர்ன், இவை மட்டும் என்றால் இருபது மணிநேரம் ஓடும்.

சூடு மணிக்கு அரை டிகிரிதான் இறங்கும். முன்பக்கக் கண்ணாடியில் கம்பளியைத் தொங்கவிட்டால் இன்னும் மெதுவாக. 21 வரை இறங்கினாலும் டேங் பிழைக்கும். ஆனால் நீரோட்டம் நின்று இரண்டு மணிநேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் சூட்டை அவசரமாக ஏற்ற வேண்டாம், ஹீட்டர்கள் தானாகவே மெதுவாகத்தான் ஏற்றும்.

#12 | பர்லியார்_வளைவு
தண்ணீர் பத்தி யாரும் பேசலையே. நம்ம மலைத் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) குறைவு, "ஆர்ஓ எதுக்கு" என்று கேட்கிறவர்கள் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் மின்கடத்தும் உப்பை மட்டும்தான் காட்டும். பாறையிலிருந்து கரையும் சிலிக்கேட் அதில் சரியாகத் தெரியாது, தொட்டியில் பழுப்புப் பாசியாகத்தான் தெரியும். ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சத்தையும் பிடிக்கும் டிஐ ரெசின் அவசியம். குளிர்ந்த நீரில் மெம்ப்ரேன் மந்தமாகும். 25 டிகிரியில் தருவதில் ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 12 டிகிரி நீரில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம்தான் வரும். பழுதென்று நினைத்து மெம்ப்ரேனை மாற்றாதீர்கள். தகரக் கூரை மழைநீர் வேண்டவே வேண்டாம், துத்தநாகம் வரும்.

உப்பு கலக்கும் முன் நீரை 25-க்குச் சூடாக்குங்கள். 100 லிட்டருக்குச் சுமார் 3.8 கிலோ, பிராண்டைப் பொறுத்து மாறும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. திரவத்தால் சரிபார்த்து அளக்க வேண்டும், வெறும் ஆர்ஓ நீரால் சரிபார்த்தால் போதாது. ஆடி மாத ஈரத்தில் திறந்து வைத்த உப்பு மூட்டை கட்டிதட்டும். இறுக்கமாக மூடும் வாளிக்கு மாற்றி வையுங்கள். கல்லாகிப் போனதை உடைத்துப் போட்டால் எடை பொய்யாகும், கால்சியம், ஆல்கலினிட்டியும் ஒழுங்காக வராது.

#13 | கோத்தகிரி_அலை
இப்ப முக்கியமானது, குவாரன்டைன், அதாவது புது மீனை முதல்ல தனித் தொட்டியில வைக்கிறது. சர்ஜன் மீனுக்கு செதில் ரொம்பச் சின்னது, வெண்புள்ளி நோய் முதல்ல பிடிக்கிறது இதைத்தான். நேரா தொட்டியில விட்டா க்ளவுனும் சேர்ந்து போகும். மலையில இதுக்கு இன்னொரு கோணம் இருக்கு. ஒட்டுண்ணி செவுளைத் தின்னா மீன் மூச்சுத்திறன் போயிடும், ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவான தண்ணீர்ல அது ரெட்டை அடி.

80 லிட்டர் வெறும் தொட்டி, மணல் கிடையாது, கல் கிடையாது. பிவிசி குழாய்த் துண்டு ரெண்டு. நாலு பக்கமும் அடியிலயும் தெர்மாகோல், 200 வாட் ஹீட்டர், ஸ்பாஞ்சு ஃபில்டர், ஏர்ஸ்டோன் ரெண்டு. சின்னத் தொட்டி வேகமா குளிரும், அதனாலதான் இவ்வளவு. மருந்து காப்பர் (செம்பு), ஒட்டுண்ணியைக் கொல்லும். கீலேட் காப்பர்னா 2.25-லிருந்து 2.5 பி.பி.எம்., 30 நாள். அஞ்சு நாள்ல படிப்படியா ஏத்துங்க. ஒரே நாள்ல ஏத்தினா டேங் சாப்பாட்டை நிறுத்திடும். டெஸ்ட் கிட் இல்லாம காப்பர் தொடாதீங்க. குறைஞ்சா ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினா மீன் சாகும். அமோனியாவையும் தினம் பாருங்க.

#14 | கொடை_உப்புநீர்
காப்பருக்குப் பதில் தொட்டி மாற்றும் முறையை நான் விரும்புவேன். 72 மணிநேரத்துக்கு ஒருமுறை, நன்கு காயவைத்துப் புதிய உப்புநீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மீனை மாற்றுவது, நான்கு முறை. மருந்தே இல்லை. மீன் உண்பதும் நிற்காது.

#15 | கோத்தகிரி_அலை
ஒத்துக்கறேன், வெண்புள்ளிக்கு மட்டும். வெல்வெட்ங்கற இன்னொரு ஒட்டுண்ணி நோய்க்கு அது நிக்காது. பல மொத்தக் கடை மீன்களோட கலந்து வந்த டேங்குக்கு வெல்வெட் இல்லைன்னு யார் சொல்ல முடியும்? என் ஓட்டு காப்பருக்கு. நாலு முறைக்கும் சேர்த்து 300, 400 லிட்டர் உப்புநீர் கலக்கி 25 டிகிரில வச்சிருக்கணும், நம்ம குளிர்ல அதுவும் சின்ன வேலை இல்லை. ஃபார்மலின் குளியல் மட்டும் மலையில கூடியவரை தவிருங்க, அது தண்ணீர்ல இருக்கிற ஆக்சிஜனையே குறைக்கும். 

மெயின் தொட்டியில ஏற்கெனவே வெண்புள்ளி வந்திருந்தா, மீன் இல்லாம 76 நாள் காலியா விடணும். 25 டிகிரிக்குக் கீழே வைக்கிறவங்க இதைக் குறைக்கவே கூடாது, குளிர்ந்த நீர்ல முட்டைப்பை நிதானமாத்தான் வெடிக்கும்.

#16 | தேயிலை_மேடு
ரெண்டையும் படிச்சேன், காப்பர்தான் போறேன். சாப்பாடு? ஊட்டி லெட்டூஸ் இங்க தாராளமா கிடைக்குது.

#17 | மண்டபம்_கரை
லெட்டூஸ் வேண்டாம் தம்பி. தண்ணியும் நாரும்தான். கடல்பாசியில் இருக்கிற அயோடினும் கொழுப்பும் அதில் இல்லை. பூச்சிமருந்து வேறு. உப்பு, எண்ணெய், மசாலா சேர்க்காத நோரி (காய்ந்த கடல்பாசித் தாள்) கால் தாள் கிளிப்பில் மாட்டி, மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ராமநாதபுரக் கரையில் காயவைத்து விற்கும் கஞ்சிப்பாசியும் நல்லது. மூன்று முறை ஆர்ஓ நீரில் அலசி, மணலும் சிப்பித் துகளும் போன பிறகு ஊறவைத்துக் கட்டுங்கள். கடலிலிருந்து பச்சையாக எடுத்து வந்ததைப் போடக்கூடாது, அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருமோ. டோமினி தாளைச் சீக்கிரம் கிழிக்காது. நோரியை ஊறவைத்து மசித்து ஒரு தட்டைக் கல்லில் தடவிக் காயவிட்டு இறக்கினால் சுரண்டும். கூடவே ஸ்பைருலினா பெல்லட், வாரம் இரண்டு நாள் மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்).

தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் குழிந்து அரித்தால் முதலில் நீரைச் சுத்தமாக்கப் போடும் கார்பனைப் பாருங்கள். 2011-இல் அட்லாண்டிக் சர்ஜன் மீன்களை வைத்துச் செய்த ஆய்வில் தூள் உதிரும் லிக்னைட் கார்பன் போட்ட தொட்டி மீன்களுக்கு இந்த அரிப்பு வந்தது. கார்பன் போட்டே ஆக வேண்டும் என்றால் கெட்டியான பெல்லட் வகையை, நீர் தெளியும் வரை அலசிப் போடுங்கள்.

வலை போட்டுப் பிடிக்காதீர்கள். வாலடியில் இருபுறமும் இருக்கும் கத்தி முள் வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், பிரிக்கும் கைக்கும் காயம். ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு மொண்டு எடுங்கள். டேங் இல்லாவிட்டால் ஓரா வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஃபாக்ஸ்ஃபேஸ் அந்த ஓரா இனம்தான், பாசி தின்னும். ஆனால் முதுகு முள்ளில் விஷம், எங்கள் கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். தொட்டிக்குள் கைவிடும்போது ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும்.

#18 | பர்லியார்_வளைவு
கடைசியாக, மீனை மலை ஏற்றுவது. கோவைக் கடையில் பையை ஆக்சிஜன் ஊதி உருண்டையாக இறுக்கிக் கட்டுவார்கள். குன்னூர் வருவதற்குள் உள்ளே இருக்கும் வாயு ஏறக்குறைய இருபது சதவீதம் விரியும், ஊட்டி என்றால் இருபத்தைந்து. சிப்ஸ் பாக்கெட் உப்புவது மாதிரி. இறுக்கமான பை ரப்பர் பேண்டில் கசியும், இல்லாவிட்டால் தையலில் விடும். "தளரக் கட்டுங்கள், மலைக்குப் போகுது" என்று சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். நீர் மூன்றில் ஒரு பங்கு. பை இரண்டு, இடையே செய்தித்தாள், முள் குத்தினாலும் வெளிப் பை தாங்கும். பை உட்காருவது தெர்மாகோல் பெட்டியில், ஓரத்தில் வெந்நீர் பாட்டில் துணி சுற்றி. மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர்கள் குன்னூரில் ஸ்வெட்டர் போடும் தூரம் அது, பையும் அதே குளிரைக் குடிக்கும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் வாங்கவே போகாதீர்கள். சாலையில் நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் பைக்குள் அமோனியா.

வீட்டில் பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். கடைத் தண்ணீரின் அடர்த்தியைக் கேட்டு, குவாரன்டைன் தொட்டியை முன்கூட்டியே அதற்குச் சமமாக வைத்திருங்கள். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், பைநீரில் இருக்கும் அம்மோனியம் விஷமாகும். அதனால் சொட்டுசொட்டாக ஒரு மணிநேரம் பழக்குவது வேண்டாம். திறந்தவுடன் மீனை டப்பாவில் மொண்டு விடுங்கள், பைநீர் வடிகாலுக்கு.

#19 | தேயிலை_மேடு
குறிச்சுக்கிட்டேன். ஒரு சந்தேகம். கீழேயிருந்து வந்த மீன் சில சமயம் தலையைக் கீழே குத்தி, வாலைத் தூக்கி நீந்துதுன்னு கேள்விப்பட்டேன். அது நோயா?

#20 | தொட்டபெட்டா2637
முதல் நாள் மட்டும்னா பயப்படாதீங்க. காற்றுப்பை இந்த மீன்களுக்கு மூடினது, வாய் வழியா ஏப்பம் விட முடியாது. கோயம்புத்தூர்லேருந்து உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 16 கிலோபாஸ்கல் குறையுது. நீருக்குள்ள ஒன்றரை மீட்டர் ஆழத்திலேருந்து மேல வந்ததுக்குச் சமம். காற்றுப்பை அந்த அளவு விரிஞ்சு மீன் மிதக்கப் பாக்கும், கீழே இருக்க வாலை அடிச்சுக்கிட்டே இருக்கும். ரத்தம் அந்த வாயுவை மெல்ல உறிஞ்சி எடுக்கணும். அதுவரை விளக்கைப் போடாதீங்க, பிவிசி துண்டை அடியில நல்லாப் பதிச்சு வைங்க, உள்ளே நுழைஞ்சு முதுகை மேல முட்டுக் கொடுத்துக்கும். ரெண்டு ஏர்ஸ்டோனும் முழு வேகத்துல. காப்பர் முதல் சொட்டு மூணாம் நாள், அது ஒழுங்கா நீந்தி, ஒரு வாயாவது சாப்பிட்ட பிறகு.